டிரினிடாடில் ஒரு வீட்டு பான் மியூசியத்துக்குப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கரீபியன் தீவான டிரினிடாடுக்குப் போகிறவர்கள் பலர் கார்னிவல் என்கிற தெருத் திருவிழாவைப் பார்க்கிறார்கள், கடற்கரையில் இரண்டு நாள் கழிக்கிறார்கள், ஓட்டல் வாசலில் யாரோ ஒருவர் ஸ்டீல் பான், அதாவது எண்ணெய் டிரம்மின் தட்டைக் குழித்துச் செய்த கருவியை, வாசிப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது நிஜமாகவே வருத்தமாக இருக்கும். மின்சாரமே இல்லாமல் ஒலிக்கிற கருவிகளில், 20ஆம் நூற்றாண்டில் பிறந்து உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது எது என்று கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பான்தான். அது பிறந்த தெருக்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன, அந்தத் தெருக்களில் வளர்ந்தவர்கள் சிலர் தங்கள் வீட்டு முன்னறையிலும் பின்கட்டிலும் பழைய பான்களை, சுத்தியல்களை, போட்டோக்களை சேர்த்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் காட்டுவார்கள். டிக்கெட் கவுன்டர் கிடையாது, கண்ணாடிப் பெட்டி கிடையாது, பொருளுக்குப் பக்கத்தில் விளக்க அட்டையும் கிடையாது. அதனால்தான் தயாரிப்பு வேண்டியிருக்கிறது. முதல் தடவை ஒன்றும் தெரியாமல் போய் 40 நிமிடத்தில் வெளியே வந்தேன். அடுத்த தடவை கொஞ்சம் படித்துவிட்டுப் போனேன், அதே வீட்டில் நாலு மணி நேரம் போனதே தெரியவில்லை.

எந்த வீடு என்று இங்கே எழுதப்போவதில்லை. அது ஒரு குடும்பம் வசிக்கிற இடம். எப்படித் தேடுவது என்று மட்டும் சொல்கிறேன்.

எப்போது போகலாம்

கார்னிவல், சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் நடக்கும், அதாவது பெரும்பாலும் பிப்ரவரியில், சில வருடம் மார்ச் தொடக்கத்தில். அதற்கு முந்தைய சனிக்கிழமை இரவு, குவீன்ஸ் பார்க் சவானா மைதானத்தில் பனோரமா இறுதிச் சுற்று. பான் குழுக்களுக்கு வருடத்தின் பெரிய போட்டி அதுதான், 1963லிருந்து நடக்கிறது. ஆகவே ஜனவரியிலிருந்தே ஊர் முழுக்க பான் சத்தம்தான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பான் சேகரித்து வைத்திருக்கிறவர் பெரும்பாலும் பான் வாசித்தவராகவோ, பானுக்குச் சுருதி சேர்க்கிற ட்யூனராகவோ இருப்பார். பனோரமாவுக்கு முந்தைய இரண்டு வாரம் அவர் வீட்டிலேயே இருக்க மாட்டார். வீட்டைப் பார்க்கவும் வேண்டும், இரவில் ஒத்திகை கேட்கவும் வேண்டும் என்றால் ஜனவரி நடுவில் போங்கள். அப்போது மழையும் குறைவு. நிதானமான பேச்சுதான் முக்கியம் என்றால் ஆகஸ்ட் நல்ல மாதம். ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல் பான் நாளாக ஐ.நா. பொதுச்சபை 2023ல் அறிவித்தது, அதையொட்டி நிகழ்ச்சிகள் நடக்கும். ஆகஸ்டில் மழை பெய்யும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைக் கண்டுபிடிப்பதும் அனுமதி கேட்பதும்

நேராகப் பான்யார்டுக்குப் போங்கள். பான்யார்டு என்பது ஒரு குழு தன் கருவிகளை வைத்து ஒத்திகை பார்க்கிற திறந்தவெளி முற்றம். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சார்லட் தெருவில் ரெனகேட்ஸ், டியூக் தெருவில் டிரினிடாட் ஆல் ஸ்டார்ஸ், வுட்புரூக் பகுதியில் ஹாமில்டன் தெருவில் ஃபேஸ் டூ பான் குரூவ் என்று வரிசையாக இருக்கின்றன. மாலையில் போய், அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். "பழைய பான் யாராவது வீட்டில் வைத்திருக்கிறார்களா, பார்க்க முடியுமா" என்று கேட்டால் போதும், ஒருவர் இன்னொருவரைச் சொல்வார், அவர் போன் போட்டுத் தருவார். பான் குழுக்களின் சங்கமான பான் டிரின்பேகோவிலும் விசாரிக்கலாம்.

பேசும் முன் முகமன் சொல்லியே ஆகவேண்டும். காலையில் குட் மார்னிங், மாலைக்கு மேல் குட் நைட். ஆமாம், அங்கே குட் நைட் என்பது விடைபெறும்போது மட்டும் சொல்வதல்ல, இரவில் ஒருவரைச் சந்தித்தவுடன் சொல்கிற வணக்கம். அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் மரியாதை தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்கள், அப்புறம் பேச்சு ஓடாது.

போனில் பேசும்போது மூன்று விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் வரலாம், போட்டோ எடுக்கலாமா, பேசுவதைப் பதிவு செய்யலாமா. மூன்றாவது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பழைய தெருச் சண்டைகள், குழுப் பகைகள் எல்லாம் பேச்சில் வரும், அவை பதிவாவதை அவர் விரும்பாமல் இருக்கலாம். கட்டணம் உண்டா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லை என்றாலும் ஒரு உறையில் டிரினிடாட் டாலர் நோட்டாகப் போட்டு எடுத்துப் போங்கள், கிளம்பும்போது கொடுங்கள். போகிற அன்று காலையில் மறுபடி ஒரு தடவை போன் செய்யுங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு நாள் பூட்டிய கதவுக்கு முன் நின்றிருக்கிறேன், வீட்டுக்காரர் மருத்துவமனைக்குப் போயிருந்தார், அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.

போக்குவரத்து

மேக்ஸி டாக்சி என்று சின்ன வேன்கள் ஓடுகின்றன, பக்கவாட்டில் இருக்கும் பட்டையின் நிறத்தை வைத்து எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்கலாம். போர்ட் ஆஃப் ஸ்பெயின் சுற்றுவட்டாரத்துக்கு மஞ்சள், கிழக்கே டுனாபூனா, அரிமா பக்கம் போக சிவப்பு. பகலில் இதுவே போதும். இரவிலும், லாவென்டில் மாதிரி மலைமேட்டுப் பகுதிகளுக்கும், உள்ளூர்க்காரர் துணையோடு தெரிந்த டாக்சியில் மட்டும் போங்கள். இன்னொன்று, ராணுவ உடை மாதிரி புள்ளி போட்ட பச்சைச் சட்டை, பேன்ட், தொப்பி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான்.

காலையில் கிளம்பும்போது தெருமுனையில் டபுள்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மெத்தென்று பொரித்த, பாரா என்கிற இரண்டு ரொட்டிக்கு நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு. ஒப்பந்தக் கூலிகளாக 1845லிருந்து கப்பலில் வந்த இந்தியர்களின் வழிவந்தவர்கள் உருவாக்கிய சாப்பாடு அது.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கே வெறுமனே பான் என்றுதான் சொல்வார்கள். ஸ்டீல் டிரம் என்று சொன்னால் திருத்துவார்கள், ஏனென்றால் இது தாளம் மட்டும் போடும் டிரம் இல்லை, முழு ஸ்வரமும் வாசிக்கிற கருவி.

அப்புறம் குடும்பம். பான் என்பது ஒரே கருவி இல்லை. மேலே மெல்லிய குரலில் பாட்டின் மெட்டைப் பாடுவது டெனர், ஒரே டிரம். அதற்குக் கீழே டபுள் டெனர், டபுள் செகண்ட், இரண்டிரண்டு டிரம். பிறகு கிட்டார் பான், செல்லோ. அடியில் பேஸ், அதில் ஒரு டிரம்முக்கு மூன்று ஸ்வரம்தான் இடம் கிடைக்கும் என்பதால் ஒருவரைச் சுற்றி ஆறோ ஒன்பதோ முழு டிரம்கள் நிற்கும். இவற்றுக்கு நடுவில் எஞ்சின் ரூம் என்கிற தாளப் பகுதி, அதில் பழைய காரின் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் அடிப்பவர்கள் இருப்பார்கள், மொத்தக் குழுவையும் இழுத்துப் போவது அந்த இரும்புச் சத்தம்தான். போவதற்கு முந்தைய இரவு ஒரு பனோரமா ஒலிப்பதிவைப் போட்டு, முதல் தடவை டெனரை மட்டும், இரண்டாம் தடவை பேஸை மட்டும், மூன்றாம் தடவை அந்த இரும்பை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

உள்ளே போனதும்

மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வையுங்கள். பானின் முகத்தை விரலால் தொடாதீர்கள், வியர்வை பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். பான் மேல் பை, தண்ணீர் பாட்டில், போன் எதுவும் வைக்கக் கூடாது. மேசை மாதிரி தெரிந்தாலும் அது சுருதி சேர்த்த பரப்பு, சின்ன அழுத்தம்கூட ஸ்வரத்தைக் கலைத்துவிடும். வீட்டுக்காரர் குச்சியைக் கொடுத்து அடித்துப் பாருங்கள் என்றால் மட்டும் அடியுங்கள். குச்சி முனையில் ரப்பர் சுற்றியிருக்கும், மணிக்கட்டை இறுக்காமல், பட்டதும் எழும்பும்படி தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் பானின் சத்தம் கெட்டு வெறும் தகரச் சத்தம்தான் வரும்.

எந்த வரிசையில் பார்ப்பது

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பொருட்கள் கால வரிசையில் இருக்காது. குரோம் பூசிய பளபளப்பான பான் வாசலிலேயே நிற்கும், கண் அங்கேதான் போகும். அதை விட்டுவிட்டு, "மிகப் பழையதை முதலில் காட்டுகிறீர்களா" என்று கேளுங்கள்.

முதலில் வரவேண்டியது மூங்கில். 1881ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கார்னிவலில் தீப்பந்தத்தோடு போகும் கான்பூலே ஊர்வலத்தைப் போலீஸ் அடக்கப் போக, பெரும் கலவரம் ஆனது. அதற்குப் பிறகு வந்த ஆங்கிலேயச் சட்டங்கள் தெருவில் டிரம் அடிப்பதைக் கட்டுப்படுத்தின. 1884ல் சான் ஃபெர்னாண்டோவில் இந்தியத் தொழிலாளர்களின் ஹோசே என்கிற மொஹரம் ஊர்வலத்தின் மேல் துப்பாக்கிச் சூடே நடந்தது, பலர் செத்தார்கள். தோல் டிரம்முக்குத் தடை வந்ததும், ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். இதற்கு டம்பூ பாம்பூ என்று பெயர். பருத்த மூங்கில் பூம், தரையில் குத்துவது. ஒன்றோடொன்று இடித்து வாசிக்கிற குட்டையான இரண்டு துண்டுகள் ஃபூலே. தோளில் சாய்த்துக் குச்சியால் தட்டுகிற மெல்லியது கட்டர். வீட்டில் மூங்கில் துண்டு இருந்தால் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், தரையில் குத்திக் குத்தி விளிம்பு பஞ்சாகப் பிரிந்திருக்கும். மூங்கில் இப்படிச் சீக்கிரம் பிளந்துபோவதால்தான் 1930களின் இறுதியில் பிஸ்கட் டின், பெயின்ட் டின், குப்பைத்தொட்டி மூடி, பிரேக் டிரம் எல்லாம் ஊர்வலத்துக்குள் வந்தன.

அடுத்தது, டின்கள். தகரத்தைத் தொடர்ந்து அடித்தால் குழிவிழும். குழியை உள்ளிருந்து தட்டி நிமிர்த்தும்போது, தட்டிய இடத்துக்கு இடம் சத்தம் மாறுவதைக் கவனித்திருக்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: "இதைக் கண்டுபிடித்தது யார்" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். லாவென்டில் பக்கத்து ஆள் வின்ஸ்டன் ஸ்ப்ரீ சைமன் என்பார், வுட்புரூக் ஆள் எல்லி மனெட் என்பார், நகர மையத்து ஆள் நெவில் ஜூல்ஸ் என்பார். பல முற்றங்களில் ஒரே சமயத்தில் பல பையன்கள் ஒருவர் செய்ததை இன்னொருவர் எட்டிப் பார்த்துச் செய்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைவிட, "நீங்கள் எந்த முற்றத்தில் வளர்ந்தீர்கள்" என்று கேளுங்கள். பதில் ஒரு மணி நேரம் வரும்.

அந்தக் காலத்து டின் கிடைத்தால், அதன் முகம் வெளிப்பக்கம் புடைத்திருக்கிறதா உள்ளே குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்பத்தில் முகத்தை வெளியே புடைக்க வைத்தார்கள். அதை உள்நோக்கிக் குழித்து, அதிக ஸ்வரத்துக்கு இடம் செய்தவர் என்று எல்லி மனெட்டைச் சொல்வார்கள். 55 கேலன் எண்ணெய் டிரம்மைப் பயன்படுத்தியதிலும் குச்சி முனையில் ரப்பர் சுற்றியதிலும் அவர் பெயர்தான் முதலில் வரும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத் தளங்கள் வந்ததாலும், டிரினிடாட் எண்ணெய் எடுக்கிற நாடு என்பதாலும், காலி டிரம் எங்கும் கிடைத்தது. 1942 முதல் 1945 வரை போரைக் காரணம் காட்டித் தெருக் கார்னிவலைத் தடை செய்திருந்தார்கள். அந்த வருடங்களில் பையன்கள் முற்றங்களுக்குள் சத்தம் அடக்கி வேலை செய்தார்கள். 1945ல் போர் முடிந்த செய்தி வந்ததும் தெருவில் வெடித்துக்கொண்டு வந்தது, ஊர் அதுவரை கேட்டிராத இரும்பு இசை.

மூன்றாவதாக, போட்டோக்கள். கிட்டத்தட்ட எந்தப் பான் வீட்டிலும் டாஸ்போ போட்டோ ஒன்று சுவரில் இருக்கும். 1951ல் லண்டனில் நடந்த பிரிட்டன் திருவிழாவுக்குப் போன டிரினிடாட் ஆல் ஸ்டீல் பெர்கஷன் ஆர்கெஸ்ட்ரா அது. ஒன்றோடொன்று தெருவில் மோதிக்கொண்டிருந்த குழுக்களிலிருந்து ஆள் எடுத்து ஒன்றாக நிற்க வைத்தார்கள். தலைமை ஏற்ற ஜோசஃப் கிரிஃபித், போலீஸ் பேண்டு அனுபவம் உள்ளவர். எல்லா ஸ்வரமும் முழுசாக இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், பேஸுக்கு ஒரே டிரம் போதாமல் பல டிரம் வைக்கும் பழக்கம் வந்தது. துருப்பிடித்த டிரம்களைப் பார்த்து லண்டன் கூட்டம் முதலில் சந்தேகத்தோடு நின்றதாம். அந்தப் போட்டோவில் முகங்களைப் பெயர் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்: ஸ்ப்ரீ சைமன், எல்லி மனெட், ஆன்டனி வில்லியம்ஸ்.

அந்த ஆன்டனி வில்லியம்ஸின் பெயரைப் பிடித்துக்கொண்டு நாலாவதற்குப் போங்கள். பழைய டெனர் ஒன்றையும் புதிய டெனர் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் ஸ்வரங்கள் ட்யூனர் இஷ்டப்படி சிதறிக் கிடக்கும், ஒரு முற்றத்துப் பானை இன்னொரு முற்றத்து ஆள் வாசிக்கவே முடியாது. வில்லியம்ஸ் அவற்றைச் சிலந்தி வலை மாதிரி அடுக்கினார். வெளி வட்டத்தில் அடுத்தடுத்து இருப்பவை ஸ-ப உறவில் இருக்கும் ஸ்வரங்கள். அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி அதற்கு நேர் உள்ளே, அதற்கும் மேலே உள்ளது இன்னும் உள்ளே. இன்றைக்கு உலகம் முழுக்கப் பரவலாக இருக்கிற டெனர் அந்த அடுக்குதான். இணக்கமான ஸ்வரங்கள் பக்கத்தில் இருந்தால் ஒன்று அதிரும்போது பக்கத்து ஸ்வரமும் துணைக்கு இனிமையாக அதிரும், அடுக்கில் இருக்கிற அறிவு அதுதான். வில்லியம்ஸ் நடத்திய பான் ஆம் நார்த் ஸ்டார்ஸ்தான் 1963லும் 1964லும் பனோரமாவை வென்றது.

வீட்டில் தோற்றுப்போன பான்கள் இருக்கின்றனவா என்று கட்டாயம் கேளுங்கள். சுருதி நிற்காமல் கைவிட்டது, கிழிந்தது, அடுக்கு சரிவராதது. நான் பார்த்ததில் என் மனதில் நிற்பவை அவைதான். ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு இடத்தில் கோடு போட்டு அழித்திருந்த ஒரு டெனரை எனக்குக் காட்டினார்கள். அதைச் செய்தவர் எங்கே தயங்கினார், எங்கே மறுபடி முயன்றார் என்று சுத்தியல் தடத்திலேயே தெரிந்தது.

ட்யூனரின் மேசை

அதிர்ஷ்டம் இருந்தால் பின்கட்டில் ஒரு பட்டறையும் இருக்கும். அங்கே செய்முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கனத்த சுத்தியலால் டிரம்மின் அடித்தட்டை வட்டம் வட்டமாக அடித்து இறக்குவார்கள், டெனருக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஆழம். பிறகு ஸ்வரங்களின் எல்லையைக் குறித்து, மழுங்கிய உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிப் பள்ளக்கோடு போடுவார்கள். பக்கச் சுவரைத் தேவையான உயரத்துக்கு வெட்டுவார்கள், டெனருக்குக் குட்டை, பேஸுக்கு முழு டிரம். அடுத்து நெருப்பில் சூடாக்கி ஆறவிடுவது, இதில்தான் இரும்பு இறுகிக் குரல் பிடிக்கிறது. கடைசியில் சின்னச் சுத்தியலால் மேலிருந்தும் கீழிருந்தும் தட்டிச் சுருதி சேர்ப்பது. ஒரு ஸ்வரப் பரப்பில் அந்த ஸ்வரத்தை மட்டுமல்ல, அதன் மேல் ஸ்தாயியையும் அதற்கும் மேலான துணை ஒலிகளையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். இந்த வித்தையைக் கூர்மையாக்கியவர் ஹைலேண்டர்ஸ் குழுவின் பெர்ட்டி மார்ஷல், டபுள் டெனரும் அவர் உருவாக்கியது. ட்யூனர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தால் வாயைத் திறக்காதீர்கள்.

பேச்சு

பொருட்களைப் பார்த்து முடித்ததும் உட்காருங்கள். வீட்டு மியூசியத்தின் பாதி, வீட்டுக்காரர்தான். பான் வாசித்தால் அடி விழுந்த வீடுகளைப் பற்றிக் கேளுங்கள். 1940களிலும் 50களிலும் பான்காரன் என்றால் ரவுடி என்று அர்த்தம். டெஸ்பெராடோஸ், காசாபிளாங்கா, டோக்கியோ என்று சினிமாவிலிருந்தும் போர்ச் செய்தியிலிருந்தும் பெயர் எடுத்த குழுக்கள் தெருவில் பாட்டில் வீசிச் சண்டை போட்டன. பெண்களை உள்ளே விட்டது எப்போது, எந்த முற்றத்தில் என்றும் கேளுங்கள், வீட்டிலிருக்கும் பெண்களிடமே கேட்டால் இன்னும் நல்லது. அதே பான் 1992ல் நாட்டின் தேசிய இசைக்கருவி ஆனது. 2025 தொடக்கத்தில் நாடாளுமன்றம், அரசுச் சின்னத்திலிருந்த கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டுப் பானை வைக்க ஒப்புக்கொண்டது. போலீசுக்குப் பயந்து ஓடிய தலைமுறை இதை எப்படிப் பார்க்கிறது என்பதை அவர்கள் வாயால் கேட்க வேண்டும்.

நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: ஜித் சமரூ. லோபினோ பள்ளத்தாக்கில் 1950ல் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு பான் வாசித்தார், பிறகு ரெனகேட்ஸ் குழுவுக்கு இசை அமைத்தார். 1982க்கும் 1997க்கும் நடுவில் அவர் அமைப்பில் அந்தக் குழு ஒன்பது தடவை பனோரமாவை வென்றது, கடைசி மூன்றும் தொடர்ந்து வந்த வருடங்கள். ஆப்பிரிக்கர்களின் கருவி, இந்தியர்களின் கருவி என்று பிரித்துப் பேசுகிற ஊரில் அவர் பெயரைச் சொன்னால் எந்த வீட்டிலும் முகம் மலரும்.

அன்று இரவு

வீட்டைப் பார்த்த அன்றே இரவில் பான்யார்டுக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். பெரிய குழுவில் நூற்றுக்கும் மேல் வாசிப்பவர்கள் இருப்பார்கள், ஒரே இடத்தை இருபது தடவை திருப்பித் திருப்பி வாசிப்பார்கள், யாரிடமும் ஸ்வரம் எழுதிய தாள் இருக்காது. முதலில் முன்பக்கம் டெனருக்கு அருகில் நில்லுங்கள், அரை மணி கழித்துச் சுற்றிப் போய் பேஸுக்குப் பின்னால் நில்லுங்கள், சத்தம் காலடி வழியாக வரும். எஞ்சின் ரூம் பக்கம் போவதானால் காதில் பஞ்சு வையுங்கள். இடைவேளையில் சின்னச் சுத்தியலோடு ஒருவர் வருவார், ஒரு டெனரைக் குனிந்து கேட்பார், இரண்டு தட்டு தட்டுவார், மறுபடி கேட்பார். காலையில் மேசை மேல் பார்த்த அதே சுத்தியல்தான். டாக்சிக்காரரிடம் திரும்ப வரச் சொல்லும்போது நீங்கள் நினைத்த நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கூட்டியே சொல்லுங்கள்.